30,000 ரூபா டிக்கெட்டில் பரிசுக்குப் போவது எவ்வளவு? போக்கர் சுற்றுப்போட்டிக் கட்டணமும் ரேக்கும்

நிலாவெளிக்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலை செய்கிறேன். வாடைக்காற்று தொடங்கி விருந்தினர் குறைந்துவிட்டால் இரவில் நாங்கள் சில பேர் கூடி டெக்சாஸ் ஹோல்டம் விளையாடுவோம். காசு வைப்பதில்லை, சிப்ஸ் மட்டும்தான். இந்த முறை கொழும்பில் நடக்கும் ஒரு சுற்றுப்போட்டிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று எனக்கும் கூட்டாளி ஒருவனுக்கும் எண்ணம்.

அறிவித்தலில் இப்படிப் போட்டிருக்கிறார்கள்: கட்டணம் 25,000 + 5,000. மொத்தப் பரிசு 30 லட்சம் உத்தரவாதம். தொடக்கத்தில் 20,000 சிப்ஸ். ரீ-என்ட்ரி உண்டு. ஊழியர் போனஸ் 2,000 ரூபா கட்டினால் மேலதிகமாக 5,000 சிப்ஸ். கீழே சிறிய எழுத்தில், மொத்தப் பரிசில் 3% ஊழியர்களுக்குக் கழிக்கப்படும் என்று இருக்கிறது.

ஏன் 30,000 என்று நேராகப் போடாமல் பிரித்துப் போடுகிறார்கள்? இதில் என் காசு எவ்வளவு பரிசுக்குப் போகிறது? போன் பண்ணிக் கேட்டால் “முதல் பரிசு 8 லட்சம் சார்” என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் விளங்கப்படுத்துங்கள்.

கணக்குப்புத்தகம்:

தம்பி, அந்தக் கூட்டல் குறியில்தான் விடயமே இருக்கிறது. அதற்கு இடப்பக்கம் உள்ள 25,000 பரிசுக்குப் போகும். வலப்பக்கம் உள்ள 5,000 போட்டியை நடத்துபவருக்கு. இந்த வலப்பக்கத் தொகையைத்தான் ரேக் என்கிறார்கள், சிலர் என்ட்ரி ஃபீ என்பார்கள். இரண்டையும் சேர்த்து நீங்கள் கட்டும் 30,000தான் பை-இன். பிரித்துப் போட்டதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிரிக்காமல் 30,000 என்று மட்டும் போட்டு, எடுக்கும் தொகையைச் சொல்லாமல் விடும் இடங்களில்தான் கவனம் வேண்டும்.

சதவீதத்தை அவர்கள் ஒரு மாதிரிச் சொல்வார்கள், நான் வேறு மாதிரிச் சொல்வேன். 5,000ஐ 25,000ஆல் வகுத்தால் 20 சதவீதம். 30,000ஆல் வகுத்தால் 16.67. நம் சட்டைப்பையிலிருந்து வெளியே போகும் முழுத்தொகையால் வகுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. எந்த முறையில் வகுத்தாலும் பரவாயில்லை, இரண்டு போட்டிகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே முறையில் வகுக்க வேண்டும்.

இனி அந்தச் சிறிய எழுத்து. பரிசில் 3% ஊழியர்களுக்கு என்றால், நீங்கள் பரிசுக்கென்று கொடுத்த 25,000இல் 750 ரூபா திரும்ப வெளியே போகிறது. ஆக மிச்சம் 24,250. 30,000இல் 5,750 விளையாட்டுக்கு வெளியே போனால் அது 19.17 சதவீதம். கூட்டல் குறிக்கு வலப்பக்கம் இல்லாததும் ரேக்தான்.

இது கூடவா குறைவா என்று பார்க்க உலகத்தில் பெரிய போட்டியை எடுப்போம். லாஸ் வேகாஸில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் ஒஃப் போக்கர் பிரதான போட்டிக்கு 1972இலிருந்து இன்று வரை 10,000 டொலர்தான். அங்கே கூட்டல் குறி போட மாட்டார்கள், 10,000க்கு உள்ளேயே கழிவு இருக்கும். 2023இல் 10,043 பேர் கட்டினார்கள். மொத்தப் பரிசு 93,399,900 டொலர் என்று அறிவித்தார்கள். வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சரியாக 9,300 வரும். 10,000இல் 700 வெளியே போயிருக்கிறது, 7 சதவீதம். நீங்கள் சொல்லும் போட்டியில் அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் போகிறது.

சிறிய போட்டியில் சதவீதம் கூடுவதற்கு நியாயமான காரணம் உண்டு. 30,000 ரூபா மேசையிலும் 3 லட்சம் ரூபா மேசையிலும் சீட்டுப் பகிர ஒரு டீலர்தான் நிற்கிறார், சம்பளமும் ஒன்றுதான். அதனால் டிக்கெட் ஏற ஏறச் சதவீதம் இறங்கும். அதற்காக 19ஐக் கேள்வி கேட்காமல் கட்டவேண்டியதில்லை.

உள்துறைமுகம்:

கணக்கு சரி அண்ணா, ஆனால் இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா? முதல் பரிசு 8 லட்சம். 5,000 போனால் என்ன, 3,000 போனால் என்ன? வென்றால் எல்லாம் வந்துவிடும், தோற்றால் 30,000மும் போய்விடும். ரேக் எவ்வளவு என்றாலும் முடிவு இந்த இரண்டில் ஒன்றுதானே?

கணக்குப்புத்தகம்:

ஒரே ஒரு போட்டியை எடுத்தால் நீங்கள் சொல்வது போலத்தான் தெரியும். ஆனால் அந்த 8 லட்சம் எங்கிருந்து வருகிறது? எல்லோரும் கட்டிய காசிலிருந்துதான். மேசைக்கு வந்தவர்கள் எல்லோரும் சம திறமை என்று வையுங்கள். நீண்ட காலத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்குதான் திரும்பும். இங்கே அந்தப் பங்கு 24,250. கட்டுவது 30,000. சராசரி ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் 5,750ஐ விட்டுவிட்டு வீடு திரும்புகிறார் என்பதே அதன் பொருள்.

மற்ற முனையிலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும். கையைக் கடிக்காமல் வர நீங்கள் சராசரியைவிட எவ்வளவு நல்லவராக இருக்க வேண்டும்? 30,000ஐ 24,250ஆல் வகுங்கள், 1.237 வரும். மற்றவர்களைவிட ஏறக்குறைய 24 சதவீதம் கூடுதலாகச் சம்பாதிப்பவராக இருந்தால்தான் நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. ஒன்லைனில் 10 + 1 டொலர் போட்டிக்கு அதே கணக்கில் 10 சதவீதம் போதும். லாஸ் வேகாஸ் போட்டிக்கு 7.5.

24 சதவீதம் என்பது விளையாட்டுப் பேச்சில்லை. அந்த அளவு முன்னிலை உள்ள ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். வருடக்கணக்காகப் படித்து, ஒவ்வொரு கையையும் (ஒரு தடவை சீட்டுப் பகிர்ந்து முடியும் ஆட்டத்தை) குறித்துவைத்து வந்தவர்கள் அவர்கள். வாடைக்காலத்தில் சிப்ஸுக்கு விளையாடிவிட்டு முதல் தடவை கொழும்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

உள்துறைமுகம்:

நான் லாபத்துக்காகச் சொல்லவில்லை அண்ணா. வருடத்தில் ஒரு தடவை போய் ஒரு முழு நாள் நல்ல மேசையில் இருந்து விளையாடுவதற்கு 5,000 கொடுக்கலாம் என்பதுதான் என் கருத்து. கிரிக்கெட் பார்க்கக் கண்டிக்குப் போய் வந்தால் அதைவிடக் கூடச் செலவாகும்.

கணக்குப்புத்தகம்:

அப்படிச் சொன்னால் எனக்கு எதிர்ப்பே இல்லை. 5,750 ரூபா கொடுத்து ஒரு நாளை வாங்குகிறேன் என்று தெரிந்து போனால் அது உங்கள் விருப்பம். அந்த நாள் எத்தனை மணித்தியாலம் என்பதையும் அப்போது கேட்க வேண்டும். 20,000 சிப்ஸ் கையில் இருக்க, பிளைண்ட் (சீட்டுப் பகிருமுன் கட்டாயமாக வைக்க வேண்டிய சிப்ஸ்) 100/200இல் தொடங்கி 30 நிமிடத்துக்கு ஒரு தடவை ஏறினால் விளையாட நேரம் இருக்கும். அதே சிப்ஸ், அதே பிளைண்ட், ஆனால் 12 நிமிடத்துக்கு ஒரு தடவை ஏறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஓல்-இன், அதாவது கையில் உள்ள முழுச் சிப்ஸையும் போடும் நிலை வந்துவிடும். கெதியாக முடியும் போட்டியில் திறமைக்கு இடம் குறைவு. அங்கே அதே சதவீத ரேக் இன்னும் கூட வலிக்கும். ஒன்லைனில் மிக வேகமான போட்டிகளுக்குப் பொதுவாகக் குறைந்த சதவீதம் வைப்பது இதனால்தான்.

அன்புவழிபுரம்_அக்கா:

நான் போக்கர் விளையாடுவதில்லை, என் தம்பி அனுப்பித்தான் இந்த இழையைப் படித்தேன். எங்கள் ஒழுங்கையில் மாதம் மாதம் காசு கட்டி முறைக்கு ஒருவர் எடுக்கும் சீட்டுப் பிடிக்கிறேன். சீட்டை நடத்தும் தாச்சிக்கு எவ்வளவு கழிவு என்று முதல் நாளே எல்லோருக்கும் முன்னால் சொல்லித்தான் தொடங்குவோம். அதை நடுவில் மாற்ற முடியாது, மாற்றினால் அடுத்த சீட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். நீங்கள் சொல்லும் ரேக்கும் அதே தாச்சிக் கழிவுதானே? கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒன்று, அடியில் சிறிய எழுத்தில் ஒன்று, போனஸ் என்று இன்னொன்று என்று மூன்று இடத்தில் ஏன் எடுக்க வேண்டும்? மொத்தமாக இவ்வளவு என்று ஒரு வரியில் போட்டால் என்ன?

சீனக்குடா:

அக்கா கேட்டது நல்ல கேள்வி. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. சீட்டில் எல்லோருக்கும் ஒரு முறை காசு கிடைக்கும். சுற்றுப்போட்டியில் வழக்கமாக நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேருக்குத்தான் பரிசு. கணக்குப்புத்தகம் அண்ணா சொன்ன அதே லாஸ் வேகாஸ் 2023 போட்டியில் 10,043 பேரில் 1,507 பேர்தான் காசு எடுத்தார்கள். மிச்சம் எட்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் 10,000 டொலரையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

அன்புவழிபுரம்_அக்கா:

அப்படியென்றால் கழிவு இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும் தம்பி. தோற்கும் ஆளும் கழிவு கட்டுகிறார் அல்லவா.

பழைய_டீலர்:

ஊழியர் பக்கத்திலிருந்து ஒரு ஆள் கதைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஊர் உப்புவெளி, இப்போது வேறு வேலை. முன்பு சில காலம் மேசையில் சீட்டுப் பகிர்ந்திருக்கிறேன்.

சிப்ஸே காசாக இருக்கும் கேஷ் கேமில் ரேக் எடுப்பது ஒவ்வொரு கையிலும். பொட்டிலிருந்து, அதாவது அந்தக் கையில் எல்லோரும் வைத்த காசிலிருந்து ஒரு சதவீதம், அதற்கு ஓர் உச்ச வரம்பு இருக்கும். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவான சீட்டு விழாமலேயே கை முடிந்தால் பல இடங்களில் எடுக்கமாட்டார்கள். அங்கே ரேக்கைக் கட்டுபவர் அந்தக் கையை வென்றவர். வென்ற சந்தோஷத்தில் டீலருக்கும் ஒரு சிப் தள்ளிவிடுவார். டீலரின் வருமானத்தில் அது பெரிய பங்கு.

சுற்றுப்போட்டியில் அது நடக்காது. அங்கே மேசையில் இருக்கும் சிப்ஸ் காசு அல்ல, அதை டீலருக்குக் கொடுக்கவும் முடியாது. காலையில் தொடங்கி நடுஇரவு தாண்டியும் போட்டி போகும். டீலர்கள் மாறி மாறி வரவேண்டும், ஒரு மேசைக்கு ஒருவர் என்று வைத்தால் ஒருவருக்கும் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. மேற்பார்வையாளர், சிப்ஸ் எண்ணுபவர், பதிவு மேசை, எல்லாம் ஆட்கள்தான். ஊழியர் பங்கு என்று 2, 3 சதவீதம் கழிப்பதற்குக் காரணம் இதுதான். அதைக் களவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நான் கேட்கச் சொல்வது வேறு. அந்த 3% உண்மையிலேயே டீலர்களுக்குப் போகிறதா? ஊழியர் போனஸ் 2,000 முழுக்க ஊழியர்களுக்கா, அல்லது நடத்துபவரின் கணக்கிலா? நல்ல இடங்களில் இதைக் கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். ஊழியர் பெயரைச் சொல்லி எடுத்துவிட்டு ஊழியருக்குக் கொடுக்காத இடத்தை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்தப் போனஸைப் பற்றி இன்னொன்று. விருப்பமானால் கட்டலாம் என்றுதான் போட்டிருப்பார்கள். ஆனால் 20,000 சிப்ஸுடன் ஆரம்பிக்கும் போட்டியில் 2,000 ரூபாவுக்கு 5,000 சிப்ஸ் என்றால் கிட்டத்தட்ட எல்லோரும் வாங்குவார்கள். நீங்கள் மட்டும் வாங்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர் 25,000 சிப்ஸ் வைத்திருக்க நீங்கள் 20,000உடன் இருப்பீர்கள். ஆகவே டிக்கெட் விலை 30,000 அல்ல, 32,000 என்று எண்ணிக்கொண்டு போங்கள்.

கணக்குப்புத்தகம்:

பழைய டீலர் சொன்னதைக் கணக்கில் போடுகிறேன். 32,000 கட்டி 24,250 பரிசுக்குப் போனால் வெளியே போவது 7,750, அதாவது 24.2 சதவீதம். தம்பி முதலில் எழுதிய அறிவித்தலில் கண்ணுக்குத் தெரிந்தது 5,000 மட்டும்தான்.

மூதூர்க்கரை:

ரீ-என்ட்ரி எப்படி? முதல் தடவை வெளியேறிவிட்டால் திரும்ப 30,000 முழுக்கக் கட்ட வேண்டுமா, அல்லது 25,000 மட்டுமா?

சீனக்குடா:

இடத்துக்கு இடம் மாறும் சகோ. பழைய காலத்து ரீபை போட்டிகளில், சிப்ஸ் தீர்ந்ததும் அதே இருக்கையில் இருந்தபடியே காசு கட்டித் திரும்ப வாங்கலாம். அதற்குப் பல இடங்களில் ரேக் எடுக்கமாட்டார்கள், கட்டும் காசு முழுவதும் பரிசுக்குப் போகும். இப்போது பரவலாக இருக்கும் ரீ-என்ட்ரி வேறு வகை. வெளியே போய்ப் புது டிக்கெட் எடுத்துப் புது இருக்கையில் வந்து இருப்பது போல. அநேகமாக ஒவ்வொரு தடவையும் முழு ரேக்கும் உண்டு. நடத்துபவர்களுக்கு ஏன் இது பிடிக்கிறது என்று விளங்கும்தானே.

மூன்று தடவை கட்டினால் 90,000. அதில் 15,000 ரேக், 2,250 ஊழியர் பங்கு. சதவீதம் மாறாது, ஆனால் தொகை மூன்று மடங்கு. கடைசிப் பரிசு 50,000 என்று வைத்தால், “காசுக்குள் வந்துவிட்டேன்” என்று படம் எடுத்துப் போடும் ஆள் உண்மையில் 40,000 நட்டத்தில் இருக்கிறார். சமூக வலைத்தளங்களில் போடும் பரிசுப் படங்களில் அவர் எத்தனை தடவை கட்டினார் என்பது ஒருபோதும் இருக்காது.

இதோடு ஒன்லைன் விலைகளையும் சொல்லிவிடுகிறேன். போக்கர்ஸ்டார்ஸ் தளத்தின் சண்டே மில்லியன் போட்டி 2006இல் தொடங்கியபோது 215 டொலர், அதாவது 200 + 15. ரேக் 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 2019இல் விலையை 109 ஆகக் குறைத்தார்கள், 100 + 9. அதில் ரேக் 8.26 சதவீதம். டிக்கெட் மலிவானது, ரேக் சதவீதம் கூடியது. இரண்டும் ஒன்றாக நடக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூதூர்க்கரை:

நன்றி. சில போட்டிகளில் 50 + 50 + 9 என்று மூன்று தொகை வருகிறதே? நடுவில் இருப்பதும் ரேக்கா?

சீனக்குடா:

இல்லை. அது பவுண்டி. நீங்கள் ஒருவரை வெளியேற்றினால் அவர் தலையில் இருக்கும் தொகை உங்களுக்குக் கிடைக்கும். அதுவும் ஆட்டக்காரர்களுக்கே திரும்பும் காசுதான். ரேக் 9 மட்டும், அதை 109ஆல் வகுங்கள்.

உள்துறைமுகம்:

சட்டலைட் பற்றி, அதாவது பெரிய போட்டியின் டிக்கெட்டைப் பரிசாகத் தரும் சிறிய போட்டி பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்களைப் போன்றவர்களுக்கு அதுதானே வழி. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் 86 டொலர் ஒன்லைன் சட்டலைட்டில் தொடங்கி, 839 பேர் விளையாடிய அந்த லாஸ் வேகாஸ் பிரதான போட்டியை வென்று 25 லட்சம் டொலர் எடுத்தார். கணக்காளராக வேலை செய்த ஓர் ஆள். அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க ஆட்கள் குவிந்தார்கள்.

கணக்குப்புத்தகம்:

உண்மைதான், அந்த வெற்றியை நானும் மதிக்கிறேன். 30,000 கையில் இல்லாதவருக்கு 3,300 ரூபாவில் ஒரு வாய்ப்புத் தருவது நல்ல விடயம். ஆனால் சட்டலைட்டில் ரேக் இரண்டு தடவை எடுபடுகிறது என்பதை அநேகமானோர் கவனிப்பதில்லை. 3,000 + 300 என்று பத்துப் பேர் விளையாடி ஒருவருக்கு 30,000 ரூபா டிக்கெட் கிடைக்கிறது என்று வையுங்கள். பத்துப் பேரும் கட்டியது 33,000. அதில் 3,000 முதலிலேயே போய்விட்டது. பிறகு வென்றவர் கையில் இருக்கும் டிக்கெட்டுக்குள்ளேயே 5,000 ரேக்கும் 750 ஊழியர் பங்கும் இருக்கின்றன. கடைசியில் பெரிய போட்டியின் பரிசுக்குப் போய்ச் சேர்வது அதே 24,250தான். 33,000இல் 8,750 வெளியே போய்விட்டது, 26.5 சதவீதம்.

இப்படி இருந்தும் சட்டலைட் சில சமயம் நல்ல தெரிவாக இருக்கும். அங்கே புதியவர்கள் கூட வருவார்கள், எதிராளிகள் இலகுவானவர்கள். அது ரேக்கை ஈடுசெய்யலாம். ஆனால் “மலிவு” என்ற சொல்லை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

நிலாவெளிக்காற்று:

இவ்வளவு எழுதிய எல்லோருக்கும் நன்றி. அந்த 30 லட்சம் உத்தரவாதம் என்பதை யாராவது சொல்லுங்கள். அது நமக்கு நல்லதா?

கணக்குப்புத்தகம்:

நல்லதாக இருக்கலாம். இந்த முழு அறிவித்தலிலும் ஆட்டக்காரருக்குச் சார்பாக இருக்கும் ஒரே வரி அதுதான், அதனால் கவனமாகப் பாருங்கள்.

உத்தரவாதம் என்றால், எத்தனை பேர் வந்தாலும் 30 லட்சத்துக்குக் குறையாமல் பரிசு கொடுப்போம் என்ற வாக்கு. ஆளுக்கு 25,000 என்றால் 120 என்ட்ரி வந்தால் 30 லட்சம் நிரம்பும். 120க்கு மேல் வந்தால் உத்தரவாதத்துக்கு வேலையே இல்லை. 100தான் வந்தது என்று வையுங்கள். சேர்ந்தது 25 லட்சம், மிச்சம் 5 லட்சத்தை நடத்துபவர் போட வேண்டும். இதைத்தான் ஓவர்லே என்கிறார்கள். 3% போக 29,10,000 பரிசு. நூறால் வகுத்தால் ஆளுக்கு 29,100. நீங்கள் 30,000 கட்டி 29,100 பரிசுக்குப் போகிறது. 19 சதவீதமாக இருந்த ரேக் 3 சதவீதமாகிவிட்டது! நூறு பேர் கட்டிய 5,000 ரூபா ரேக், மொத்தம் 5 லட்சம், அப்படியே திரும்பப் பரிசுக்குள் வந்துவிட்டது.

அதனால் பதிவு மூடும் நேரம் எப்போது என்று கேளுங்கள். மூடுவதற்குச் சற்று முன் எத்தனை என்ட்ரி என்று திரையில் தெரியும். 120க்கு வெகு கீழே இருந்தால் இறங்கலாம். தாண்டிவிட்டால் பழைய கணக்குத்தான். பிந்திப் போனால் பிளைண்ட் ஏறியிருக்கும், உங்களுக்கு விளையாட நேரம் குறையும். அந்த இழப்பையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பழைய_டீலர்:

ஒன்றைச் சேர்க்கிறேன். “உத்தரவாதம்” என்பதும் “எதிர்பார்க்கப்படும் பரிசு” என்பதும் வேறு வேறு. இரண்டாவது சொல்லுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆள் குறைந்தால் போட்டியை ரத்துச் செய்யும் உரிமை உண்டு என்று விதியில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி எழுதியிருந்தால் அது முழு உத்தரவாதம் இல்லை.

அன்புவழிபுரம்_அக்கா:

ரேக்கே எடுக்காத போட்டி உலகத்தில் இல்லையா?

சீனக்குடா:

இருந்திருக்கிறது அக்கா. 2012இல் லாஸ் வேகாஸில் பிக் வன் ஃபோர் வன் டிரொப் என்று ஒரு போட்டி வைத்தார்கள். கட்டணம் 10 லட்சம் டொலர். அதில் 1,11,111 டொலர் தண்ணீர் வசதி செய்து கொடுக்கும் அறப்பணிக்கு. நடத்துபவர் தனக்கென்று ரேக் எடுக்கவில்லை. 48 பேர் விளையாடினார்கள், அன்டோனியோ எஸ்ஃபான்டியாரி 18,346,673 டொலர் வென்றார். ஆட்டக்காரர் பக்கம் பார்த்தால் அங்கேயும் 11 சதவீதம் விளையாட்டுக்கு வெளியே போயிருக்கிறது. ஆனால் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், விரும்பித்தான் கொடுத்தார்கள்.

உவர்மலை_ஓமி:

இவ்வளவு கழிவு கட்டி இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போவதைவிட, நாங்களே இங்கே ஒன்று நடத்தினால் என்ன? என் வீட்டு மேல்மாடி பெரியது. ஆளுக்கு 2,000, வீட்டுச் செலவுக்கு 200. முகநூலில் ஒரு அறிவித்தல் போட்டால் இருபது பேராவது வருவார்கள்.

பொறுப்பாளர்:

இந்தத் தளத்தில் காசு வைத்து விளையாடும் ஆட்டங்களுக்கு ஆள் சேர்க்க முடியாது. தயவுசெய்து நேரம், இடம் எதுவும் போட வேண்டாம்.

காரணத்தையும் சொல்கிறேன். நம் நாட்டில் 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க சூதாட்டக் கட்டளைச் சட்டம் நெடுங்காலம் இருந்தது, 2025இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேறியது. பணயம் வைத்து விளையாட உரிமம் இல்லாமல் ஓர் இடத்தை நடத்துவது குற்றம். அறிவித்தல் போட்டு, தெரியாதவர்களை வீட்டுக்குள் எடுத்து, தலைக்கு 200 கழிவும் எடுத்தால் அது நண்பர்கள் கூடும் இடம் என்று பொலிசிடம் சொல்ல முடியாது. கசினோக்களுக்கு 2010இல் வந்த தனிச் சட்டமும் உரிமம் பெற்ற இடங்களுக்கானதாகவே இருந்தது. மேல்மாடிக்குப் பொருந்தாது. ஓமி, 304 போன்ற சீட்டாட்டங்களைக் காசில்லாமல் விளையாட யாரையும் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன்.

உவர்மலை_ஓமி:

சரி அண்ணா, விளங்கியது. அறிவித்தல் எதுவும் போடவில்லை.

கணக்குப்புத்தகம்:

சட்டம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, இது நிலாவெளித் தம்பிக்கு மிக முக்கியம். போட்டி கசினோவுக்குள் நடந்தால் வாசலில் ஓர் அறவீடு இருக்கிறது. இலங்கைக் குடிமக்கள் உள்ளே போக அரசாங்கம் விதித்தது. 50 டொலராக இருந்ததை 2025இல் 100 டொலராக உயர்த்தினார்கள். ஒரு டொலர் 300 ரூபா என்று எளிதாக வைத்தால் 30,000 ரூபா. உங்கள் டிக்கெட் விலையே அவ்வளவுதான்! அதை நீங்கள் கட்ட வேண்டுமா, நடத்துபவர் ஏற்கிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கட்டுவதென்றால் 62,000 செலவழித்து 24,250க்கு விளையாடுகிறீர்கள். அந்த இடத்தில் இந்த இழையில் எழுதிய மற்ற எல்லாக் கணக்கும் சிறிதாகிவிடும்.

இன்னொன்று பஸ் காசு, ஓர் இரவு தங்கும் செலவு, லீவு போட்ட நாளின் சம்பளம். கொழும்பில் இருப்பவருக்கு இது இல்லை, திருமலையில் இருந்து போகிறவருக்கு உண்டு. ரேக் என்று யாரும் பெயர் வைக்காவிட்டாலும் உங்கள் கணக்குப் புத்தகத்தில் அதே பக்கத்தில்தான் வரும். அதனால் ஊரிலிருந்து போகிறவர்கள் ஒரே ஒரு சிறிய போட்டிக்காகப் போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரே கிழமையில் இரண்டு மூன்று போட்டி இருந்து, அதற்குக் காசும் தனியாக ஒதுக்கி வைத்திருந்தால் மட்டும் போகலாம்.

அன்புவழிபுரம்_அக்கா:

தம்பிமார், ஒதுக்கி வைத்த காசு என்றால் உங்கள் காசு. சீட்டு எடுத்தோ நகை அடகு வைத்தோ போகாதீர்கள். என்னிடம் “அவசரம், இந்த மாதம் எனக்குச் சீட்டைத் தாருங்கள்” என்று வந்து அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்த ஒரு பிள்ளையின் தாய் இன்றைக்கும் தவணை கட்டுகிறார்.

நிலாவெளிக்காற்று:

அக்கா, கடன் எடுத்துப் போகும் எண்ணம் எங்களுக்கு இல்லை. சொன்னதை மனதில் வைத்திருக்கிறேன்.

இன்று திரும்பவும் போன் பண்ணினேன். இந்த முறை முதல் பரிசைப் பற்றிக் கேட்கவே இல்லை. கிடைத்த பதில்கள்: ரீ-என்ட்ரிக்கு முழு 30,000. பிளைண்ட் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை. 3% பரிசிலிருந்துதான், ஆனால் அது எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று அவருக்குத் தெரியாது. ஊழியர் போனஸைப் பற்றி மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். வாசல் அறவீடு வருபவர்தான் கட்ட வேண்டும். ரத்து விதி உண்டா என்று கேட்டதற்கு, “நிர்வாகம் முடிவு செய்யும்” என்று பதில்.

கூட்டாளியிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். இருவரும் இந்தப் போட்டிக்குப் போகவில்லை. ஒன்லைனில் சிறிய தொகைக்கு விளையாடலாமா என்று யோசிக்கிறோம். அங்கே ரேக் குறைவுதானே?

சீனக்குடா:

ரேக் சதவீதம் குறைவுதான். ஆனால் வங்கி அட்டையில் டொலராகக் கட்டும்போது மாற்று விகிதமும் வங்கிக் கட்டணமும் சேரும், திரும்ப எடுக்கும்போதும் அப்படியே. 5 டொலர் போட்டிக்கு அது ரேக்கைவிடக் கூட வரலாம். நம் நாட்டிலிருந்து விளையாடுவதற்கும் காசு அனுப்புவதற்கும் என்ன விதி என்று முதலில் வங்கியிலும், தெரிந்த ஒரு சட்டத்தரணியிடமும் கேளுங்கள். பல தளங்களில் ஃப்ரீரோல் என்று கட்டணமே இல்லாத போட்டிகள் உண்டு. பழகுவதற்கு அதிலிருந்து தொடங்குங்கள்.

பழைய_டீலர்:

தம்பி, அடுத்த தடவை வேறு இடத்தில் கேட்கும்போது பரிசுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். எத்தனை பேருக்குப் பரிசு, கடைசிப் பரிசு எவ்வளவு என்பது பதிவு மூடியதும் ஒட்டப்படும். உத்தேசப் பட்டியல் முன்கூட்டியே இருக்கும். அதில் உள்ள தொகைகளை எல்லாம் கூட்டி, என்ட்ரி எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு பரிசுக்குப் போகிறது என்று வந்துவிடும். நீங்கள் கட்டும் முழுத்தொகையிலிருந்து அதைக் கழியுங்கள். அவர்கள் எந்தப் பெயரில் எடுத்திருந்தாலும் எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் இருக்கும்.